வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தை நடத்துவது என்றால் என்ன?

“புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும், தேர்வு வைக்க வேண்டும், பட்டம் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு துணைவேந்தர் வேறா?” வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்க வழிசெய்யும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நன்றாகப் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். இன்னொரு சாரார் இருக்கிறார்கள். இணையம் வந்துவிட்டது, நல்ல காணொளிகளை ஏற்றிவிட்டால் போதும், ஆசிரியரே தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான்: பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் கல்வி முடிந்தது என்ற நினைப்பு.

பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் புத்தகத்தைத் திறக்கும் ஒருவரைப் பட்டம் வரை அழைத்து வருவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது இந்த நினைப்பால் மறைந்துபோகிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது, அதை நடத்துகிறவர் உண்மையில் எதைத் தீர்மானிக்கிறார் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முதன்மை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். பிற நாடுகளில் எழுந்த பல திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை.

யார் இந்த மாணவர்?

கல்லூரி மாணவர் என்றதும் நம் மனத்தில் வருவது 18 வயதுப் பிள்ளை. காலையில் கல்லூரி, மாலையில் விடுதி அல்லது வீடு, செலவுக்குப் பெற்றோர். அந்த வயதில் நாளின் நடுவில் கல்லூரி இருக்கிறது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமைகிறது.

இங்கே வருகிறவர் வேறு. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திப் பதினைந்து வருடமாகக் கடைக் கணக்கு எழுதுகிறவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து படிக்க நினைக்கும் தாய், ஓய்வுபெற்ற ராணுவ வீரர், சிறையில் இருப்பவர். இவர்களைப் பொதுவாக ‘வயதுவந்த மாணவர்’ என்கிறார்கள். வயதைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு: இவருடைய நாளில் படிப்புக்கென்று ஒதுக்கிய நேரம் கிடையாது. எதிலிருந்தாவது பிடுங்கித்தான் படிக்க வேண்டும்.

இவர்கள் படிப்பை விடுவது பெரும்பாலும் பாடம் புரியாததால் அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல், பணி நேரம் மாறியது, ஊர் மாற்றம், ஒரு மாதச் சம்பளம் தாமதம். ஒரு ஒப்படைப்பை, அதாவது வீட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டிய விடையை, உரிய நாளில் அனுப்ப முடியாமல் போகிறது. அடுத்த பாடத்தைத் தொடக் கூச்சம். பிறகு மௌனம். வகுப்பறையில் இருந்தால் காலியான இடத்தை யாராவது கவனித்திருப்பார்கள். இங்கே ஒருவர் நின்றுபோனது அடுத்த கட்டணத்தைச் செலுத்தாதபோதுதான் பல நிறுவனங்களுக்குத் தெரியவருகிறது.

பந்தியும் பொட்டலமும்

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவருக்கு இலை தெரியும். ரசம் கேட்பதற்கு முன்பே வாளியோடு வந்து நிற்பார். அப்பளம் தீர்ந்துவிட்டதா, குழந்தைக்குக் காரம் தாங்கவில்லையா, எல்லாம் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். அதே சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொடுத்தனுப்பினால் கதை வேறு. உப்பு வைக்க மறந்தது கட்டியவருக்குத் தெரியாது. சாப்பிடுகிறவர் எங்கோ இருக்கிறார். எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்துத்தான் கட்ட வேண்டும். சாப்பாடு எப்படி இருந்தது என்று பிறகு ஒருவர் கேட்கவும் வேண்டும்.

வழக்கமான கல்லூரி பந்தி. பாடம் நடத்துவது, சந்தேகம் தீர்ப்பது, சோர்ந்த முகத்தைக் கவனிப்பது, தேர்வுத்தாள் திருத்துவது என எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே ஆசிரியர் செய்துவிடுகிறார். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தனித்தனி ஆட்களிடம் கொடுக்கிறது. இந்தப் பிரிப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

பிரிட்டனில் அது இப்படி நடந்தது. 1963இல் ஹரால்டு வில்சன் ‘வானொலி, தொலைக்காட்சி வழிப் பல்கலைக்கழகம்’ என்ற கருத்தை முன்வைத்தார். பின்னர் அவர் பிரதமரானபோது அமைச்சர் ஜென்னி லீ அதைக் கையில் எடுத்து விடாப்பிடியாக நிறைவேற்றினார். 1969 ஏப்ரலில் பல்கலைக்கழகமாக இயங்க அரச சாசனம் கிடைத்தது. எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்த வால்டர் பெர்ரி முதல் துணைவேந்தரானார். 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு பாடங்கள் தொடங்கின. சேருவதற்கு முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. இதைத்தான் ‘திறந்த அனுமதி’ என்கிறோம்.

பாடத்தை எழுத ஒரு பேராசிரியரை அமர்த்தாமல் ‘பாடக்குழு’ அமைத்தார்கள். துறை அறிஞர்கள் பலர், பிபிசி தயாரிப்பாளர்கள், பாடம் தனியாகப் படிக்கிறவருக்குப் புரியுமா என்று பார்ப்பதற்கென்றே கல்வித் தொழில்நுட்பர்கள், இவர்கள் சேர்ந்த குழு அது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதச் சொல்வார்கள். வகுப்பில் ஒரு ஆசிரியர் சுமாராக நடத்தினால் கேட்கிறவர்கள் அறுபது பேர்தான். இங்கே அச்சில் போன தவறு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகும். அந்தப் பயம் பாடங்களின் தரத்தை உயர்த்தியது. முதல் அறிவியல் பாடத்தில் சேர்ந்தவர்களின் வீட்டுக்குச் சோதனைப் பெட்டியே போனது. அதில் சிறிய நுண்ணோக்கி ஒன்றும் இருந்தது. பகலெல்லாம் வேலை பார்த்த ஒருவர் இரவில் சமையலறை மேசையில் அந்த நுண்ணோக்கியை வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பாடக்குழுவும் கிடங்கும் அனுப்புதல் பிரிவும் வேலை செய்திருக்கின்றன.

முதல் நெருக்கடியும் பாடத்தில் வரவில்லை, அனுப்புவதில்தான் வந்தது. 1971 ஜனவரி 20 அன்று பிரிட்டனில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச் முதல் வாரம் வரை நீண்டது. தபாலை நம்பிப் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் பருவம்! மாற்று வழிகளில் பாடங்களைக் கொண்டுசேர்க்க வேண்டியதாயிற்று. இங்கே துணைவேந்தரின் மேசையில் அறிவுசார் விவாதங்களோடு லாரிகளும் உறைகளும் சேர்ந்தே இருக்கும்.

இதுவரை பார்த்தது: வழக்கமான கல்லூரியில் ஒரே ஆசிரியர் செய்யும் வேலைகள் இங்கே எழுதுகிறவர், துணைநின்று கற்பிக்கிறவர், அனுப்புகிறவர், தேர்வு நடத்துகிறவர் எனப் பிரிகின்றன. பிரிந்தவற்றை ஒன்றாகக் கோத்து வைத்திருப்பதுதான் தலைமையின் அடிப்படை வேலை.

இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பதவிக்கே ஆபத்து வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2015இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரான பீட்டர் ஹாராக்ஸ் ஒளிபரப்புத் துறையிலிருந்து வந்தவர். பெரும் செலவுக் குறைப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் சுற்றி எழுந்த விவாதத்தின்போது, அங்குள்ள கல்வியாளர்கள் பல ஆண்டுகளாகக் கற்பிக்காமலே இருந்துவிட்டார்கள் என்ற பொருள்படப் பேசிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஊழியர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2018 ஏப்ரலில் அவர் விலகினார். மாணவர் முன்னால் நின்று பேசினால்தான் கற்பித்தல், பாடம் எழுதுவது கற்பித்தல் ஆகாது என்ற பார்வை அந்தப் பேச்சில் இருந்தது. இத்தகைய பல்கலைக்கழகத்தில் பாடநூலின் ஒவ்வொரு பக்கமும் கற்பித்தல்தான். அதை எழுதியவர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

பணம் எங்கே போகிறது?

இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். மாணவர் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மாறாத செலவு ‘நிலைச் செலவு’. ஒவ்வொரு மாணவர் சேரும்போதும் கூடவே ஏறும் செலவு ‘மாறும் செலவு’.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாடத்தை உருவாக்க 1 கோடி ரூபாய் ஆகிறது. 1,000 பேர் படித்தால் தலைக்கு 10,000 ரூபாய். ஒரு லட்சம் பேர் படித்தால் தலைக்கு 100 ரூபாய்தான். இது நிலைச் செலவின் மந்திரம். கூட்டம் கூடக் கூட மலிவாகிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் லட்சக்கணக்கில் மாணவர்களைச் சேர்ப்பதன் பின்னணி இதுவே. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ உலகின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றாக எண்ணப்படுவதும் இந்த வழியில்தான்.

இப்போது மறுபக்கம். 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர், அவருக்கு அந்தப் பாடத்துக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 2,000 ரூபாய். ஒரு லட்சம் பேர் சேர்ந்தாலும் இந்த 2,000 குறையாது. 5,000 ஆசிரியர்கள் வேண்டும், 20 கோடி ரூபாய் வேண்டும். மாணவருக்குக் கிடைக்கும் இந்த மனிதத் துணை முழுவதையும் ‘கற்போர் ஆதரவு’ என்பார்கள். ஆசிரியர், கல்வி மையம், ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பு, தொலைபேசியில் பதில் சொல்லும் ஊழியர் எல்லாரும் இதில் அடக்கம்.

நிதி நெருக்கடி வரும்போது ஒரு துணைவேந்தரின் கை எதை நோக்கிப் போகும்? பாடநூலுக்கு ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. வெட்டினால் உடனே பணம் மிச்சமாகும் ஒரே இடம் கற்போர் ஆதரவுதான். வெட்டியதன் விளைவு உடனே தெரியவும் தெரியாது. புத்தகங்கள் போய்க்கொண்டே இருக்கும், தேர்வுகள் நடந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டம் பெறுகிறவர்களின் எண்ணிக்கை சரியும். அதற்குள் வெட்டியவர் பதவிக்காலம் முடிந்து போயிருக்கலாம்.

பிரிட்டனிலும் 2015இல் இங்கிலாந்துப் பகுதியில் இருந்த 9 வட்டார மையங்களில் 7ஐ மூட முடிவெடுத்தார்கள். ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தொலைபேசியிலும் இணையத்திலும் அதே உதவியைத் தரலாம் என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ‘கற்போர் ஆதரவு கடைசியாக வெட்ட வேண்டிய செலவு’ என்பது என் உறுதியான கருத்து. வயதுவந்த மாணவருக்குப் பாடம் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். “ஒப்படைப்பு வரவில்லையே, என்ன ஆயிற்று?” என்று கேட்கிற ஒரு குரல் வேறெங்கும் கிடைக்காது.

சுருக்கமாக: பாடம் உருவாக்கும் செலவு கூட்டத்தால் கரையும், துணைநிற்கும் செலவு கரையாது. இந்த இரண்டுக்கும் இடையே பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே இத்தகைய பல்கலைக்கழகத் தலைவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு.

ஒரு விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் விடைகளை நம் ஊரில் ஒப்படைப்பு என்கிறோம். பலருக்கு அது ஒரு சடங்கு. முந்தைய ஆண்டு மாணவரிடம் வாங்கிப் பார்த்து எழுதி, கல்வி மையத்தில் கொடுத்து, மதிப்பெண் ஏறியதா என்று பார்ப்பதோடு சரி. இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் என்பதால் ‘30ஐ வாங்கிவிடலாம்’ என்ற கணக்காக அது சுருங்கிவிடுகிறது.

பிரிட்டனில் இதே ஒப்படைப்பைக் கற்பித்தலின் மையமாக வைத்தார்கள். ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் எழுதுவார். ‘சரி’, ‘தவறு’ என்று அல்ல. இந்த வாதத்துக்கு நீங்கள் தந்த சான்று போதவில்லை, பாடத்தின் இரண்டாம் பகுதியில் இருக்கும் எடுத்துக்காட்டை ஏன் பயன்படுத்தவில்லை, முடிவுரையில் நீங்கள் சொன்னதை முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தால் விடை வலுப்பட்டிருக்கும் என்பது போல. அதோடு தனிப் படிவம் ஒன்றில் மொத்த விடையைப் பற்றியும் எழுதுவார். எதை நன்றாகச் செய்தீர்கள், அடுத்த ஒப்படைப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியரை நேரில் அடிக்கடி பார்க்க முடியாத மாணவருக்கு அந்த ஓரக் குறிப்புகள்தான் வகுப்பறை.

இன்னொரு அடுக்கும் உண்டு. ஆசிரியர் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து இன்னொரு அனுபவசாலி படிக்கிறார். மதிப்பெண் சரியா என்பதோடு, குறிப்புகள் மாணவருக்கு உதவுமா, ஊக்கம் தருகிறதா என்றும் பார்த்து ஆசிரியருக்கு எழுதுகிறார். வகுப்பறைக் கல்லூரியில் ஆசிரியர் என்ன பேசினார் என்பது காற்றோடு போய்விடும். இங்கே கற்பித்தல் காகிதத்தில் இருப்பதால் அதைச் சரிபார்க்க முடிகிறது. தரத்தைக் காப்பது என்றால் நடைமுறையில் இதுதான். ஆயிரக்கணக்கான பகுதிநேர ஆசிரியர்களைத் துணைவேந்தர் நேரில் பார்க்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் எழுதும் ஓரக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை உருவாக்கவும், அதற்கான நேரத்துக்கு ஊதியம் கொடுக்கவும் அவரால் முடியும்.

இந்தியாவில் இது கடினம். நம் கல்வி மையங்கள் பெரும்பாலும் வேறொரு கல்லூரியின் கட்டடத்தில், விடுமுறை நாள்களில் இயங்குகின்றன. கல்வி ஆலோசகர்கள் எனப்படும் ஆசிரியர்கள் அந்தந்தக் கல்லூரிகளில் பணிபுரிகிறவர்கள், இங்கே பகுதிநேரமாக வருகிறார்கள். தனக்குக் கீழே நேரடியாக இல்லாதவர்களை வைத்துத்தான் துணைவேந்தர் கற்பித்தலை நடத்த வேண்டும். அதிகாரம் இங்கே அதிகம் செல்லாது. பயிற்சியும் காலத்தோடு தரும் மதிப்பூதியமும் மரியாதையும்தான் செல்லும்.

திறந்த வாசல் என்றால் தரமில்லாத பட்டமா?

யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் யார் வேண்டுமானாலும் தேறிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். திறந்திருப்பது நுழையும் வாசல் மட்டுமே. தேறி வெளியேறும் வாசலில் தேர்வு நிற்கிறது. +2 முடிக்காதவர்கள் பட்டப்படிப்புக்கு வர இக்னோ ஆயத்தப் படிப்பு ஒன்றை வைத்திருந்ததும் இதற்காகவே. சேர்த்துக்கொண்டு தோற்கவிடுவதைவிட, முதலில் தயார்செய்வது நேர்மை.

படிப்பைத் தொடர்கிறவர்களின் விகிதத்தைத் ‘தக்கவைப்பு’ என்பார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இது வழக்கமான கல்லூரிகளைவிடக் குறைவு. அதைக் காட்டித் தோல்வி என்று சொல்வது அவசர முடிவு. கணக்கியல் பாடம் ஒன்று மட்டும் வேண்டும் என்று வந்து, அதைப் படித்து, பதவி உயர்வு பெற்றுப் போனவரும் புள்ளிவிவரத்தில் பாதியில் விட்டவராகத்தான் இருப்பார். மூன்றாண்டு பட்டப்படிப்பை முடிக்க இக்னோ ஆறு ஆண்டு வரை இடம் தருவதும் தளர்வு அல்ல, வாழ்க்கையின் இடையூறுகளை முன்பே கணக்கில் எடுத்த வடிவமைப்பு. ஆனால் இந்த நியாயத்தையே சாக்காக வைத்து, வெளியேறுகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கும் நிர்வாகங்களும் உண்டு. முதல் ஒப்படைப்புக்கு முன்பே நின்றவர் எத்தனை பேர் என்று தனியாக எண்ணிப் பார்க்கும் தலைவருக்குத்தான் எது தேவை நிறைவேறிய விலகல், எது கைவிடப்பட்ட மாணவர் என்று தெரியும்.

விதிகள் 18 வயதினருக்காக எழுதப்பட்டவை

பல்கலைக்கழகத்துக்கு உள்ளே எல்லாம் சரியாக நடந்தாலும் வெளியே இருக்கும் அரசியலும் விதிகளும் இடறும். 1970 ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத் திட்டத்தைச் சுத்த அபத்தம் என்று முன்பு சாடிய இயன் மெக்லவுட் நிதியமைச்சரானார். மாணவர்கள் சேர்வதற்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது. ஜூலையில் மெக்லவுட் இறந்தார். கல்வியமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் பல்கலைக்கழகத்தைத் தொடர அனுமதித்தார். குறைந்த செலவில் பட்டதாரிகளை உருவாக்கும் என்ற வாதம் அவரிடம் எடுபட்டது.

2012இல் வந்த அடி வேறு விதம். இங்கிலாந்தில் அரசு மானியத்தைக் குறைத்துக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தினார்கள், ஈடாகக் கல்விக்கடன் தந்தார்கள். 18 வயதினர் கடன் வாங்கிச் சேர்ந்தார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளும் உள்ள 40 வயதினர் பின்வாங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பகுதிநேரப் பட்டப்படிப்பில் புதிதாகச் சேர்கிறவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. விதியை எழுதியவர்கள் இவர்களை நினைத்துப்பார்க்கவில்லை. நினைத்துப்பார்க்க வைப்பது துணைவேந்தரின் வேலை.

நம் பக்கத்தில் ஐதராபாத்தில் 1982இல் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி 1985இல் இக்னோவுக்கும் முதல் துணைவேந்தரானார். பின்னர் அந்தப் பொறுப்பை ஏற்றவர் அண்ணா பல்கலைக்கழகத்தை நடத்திய நீரியல் அறிஞர் வா.செ. குழந்தைசாமி. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் தோற்றத்திலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2002இல் வந்தது. ஆனாலும் விதிச் சிக்கல் தீரவில்லை. முதல் பட்டம் இல்லாமல் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசுப் பணிக்கு 10ஆம் வகுப்பு, +2, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆயத்தப் படிப்பு வழியாக வந்து பட்டம் பெற்ற பலருக்கு இது நேர்முகத் தேர்வுக்குப் போன பிறகே தெரியவந்தது கொடுமை. சேர்க்கை விளம்பரத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டிய கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு.

சேரப்போகிறவர் கேட்க வேண்டியவை

இத்தகைய பல்கலைக்கழகம் ஒன்றில் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ சேர நினைத்தால், கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்க வேண்டாம். இந்தப் பட்டம் நீங்கள் குறிவைக்கும் வேலைக்குச் செல்லுமா, அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி நடப்பாண்டுக்கு இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு அருகிலுள்ள கல்வி மையத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். அங்கே படித்துக்கொண்டிருப்பவர் ஒருவரிடம், கடைசியாகக் கொடுத்த ஒப்படைப்பு எத்தனை நாளில் திரும்பி வந்தது, அதன் ஓரத்தில் யாராவது ஏதாவது எழுதியிருந்தார்களா என்று கேளுங்கள்.